குனிஹிகோவின் பக்கப் பார்வை

தன் காமிராவை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பது குனிஹிகோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. அவர் இன்னும் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை. வாராவாரம் செய்வதுபோல அலமாரியைத் திறந்து, காமிராவின் தோலுறையை அவிழ்த்து, துடைப்பதற்கு மெத்தென்ற துணியையும் எடுத்துக்கொண்டு, அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார்.

காமிராவின் தலையில் விரல்நகம் அகலத்துக்கு ஒரு சின்னச் சக்கரம். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று கணக்குச் சொல்வது. அதை அவர் பூஜ்யத்தில்தான் வைத்திருப்பார். அதற்குப் பெரிய பிரயத்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் படமே எடுப்பதில்லை. இப்போது அது பூஜ்யத்தை விட்டு நகர்ந்து வெகுதூரம் போயிருந்தது.

குனிஹிகோ லிஃப்ட் கம்பெனியில் சோதனை அதிகாரி. 'எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு' என்று யாராவது சொன்னால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்தினால் சாத்தியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பார். பிறகு திறந்து பார்த்ததில் சரியாகச் சாத்தாமல் விட்டோமோ என்று மறுபடி திறப்பார்.

காமிரா ஜெர்மன்காரன் செய்தது. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ரகம், தூரத்தைக் கண்ணால் அளந்து எடுப்பது. கல்யாணமான புதிதில் வாங்கினார். "அதுக்கப்புறம் நான் இன்னொரு காமிராவைத் திரும்பிப் பார்த்ததில்லை" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். மனைவி யாசுயோ பக்கத்தில் இருந்தால் லேசாகத் தொண்டையைக் கனைப்பாள். ஏனென்றால் காமிரா ஒன்றுதான். ஆனால் அதற்கு அவர் செய்துபோட்ட நகைநட்டுக்கு அளவில்லை. வெயில் படாமல் லென்ஸுக்கு ஒரு பித்தளைக் கூடு. கூட்டுக்கு ஒரு மூடி. மூடிக்கு ஒரு தோல் பை. தலையில் செருகிக்கொள்ள ஓர் ஒளிமானி. அது எந்த வெளிச்சத்துக்கும் அசைந்து கொடுக்காது. தூரத்துக்கு ஒரு பார்வைக் கண், கிட்டத்துக்கு ஒன்று. சாவி கொடுத்தால் தானாகவே படம் எடுக்கும் பொத்தான். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று டிராஃபிக் விளக்கு மாதிரி வரிசையாக வட்டக் கண்ணாடிகள். மணப்பெண்ணைப்போலச் சிங்காரித்து அலமாரியில் உட்காரவைத்திருந்தார். எந்தக் கல்யாணத்துக்கும் அழைத்துப்போனதில்லை.

புத்தாண்டு அன்று கோயிலில் மணியடித்துக் கைதட்டிக் கும்பிட்ட கையோடு யாசுயோ அவரைப் பிடித்தாள்.

"இனிமே அதுக்கு ஒரு திருகாணிகூட வாங்க மாட்டேன்னு சாமி முன்னாடி சொல்லுங்க."

"சாமிக்கு இன்னைக்கு எத்தனை பேர் வேண்டுதலோ. இது வேறயா?"

"அப்ப என்கிட்ட சொல்லுங்க. எனக்கு ஒரு வேலையும் இல்லை."

சொன்னார். பிப்ரவரியில் பிளம் மரம் பூக்கிறதற்குள் மீறினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து கோல்ஃப் பயிற்சிக்குப் போவதாக ஏற்பாடு. போவது நகானோ ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஓகுமுரா என்பவர் வைத்திருந்த பழைய காமிராக் கடைக்கு. வாங்கினதைக் கோல்ஃப் பைக்குள் ஒளிப்பார். அது நிரம்பியதும் அரிசி பிஸ்கட் டின். அதுவும் நிரம்பியதும் பூஜை மாடத்தில், அப்பாவின் படத்துக்குப் பின்னால். அப்பா உயிரோடு இருக்கும்போதே யாரையும் காட்டிக்கொடுக்காதவர்.

"கோல்ஃப் ஆடுறவங்களுக்குக் கையில காய்ப்பு வரும்" என்றாள் யாசுயோ ஒருநாள், சோறு பரிமாறிக்கொண்டே. "உங்களுக்கு மூக்கு மேல வந்திருக்கே."

"பந்து எங்கே போகுதுன்னு கண்ணை இடுக்கிப் பார்க்கிறேன்ல."

"ஒரு கண்ணை மட்டுமா?"

அவர் மிசோ சூப்பை உறிஞ்சினார். பதில் சொல்ல முடியாத சமயத்துக்கு அது நல்ல பானம்.

கடைசியாக வாங்கினது பக்கப் பார்வைக் கண். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சாய்ந்த கண்ணாடி. காமிராத் தலையில் செருகினால், ஆள் ஒரு பக்கம் பார்த்து நிற்பார், படம் வேறு பக்கம் விழும்.

"நீங்க குளத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க. படத்துல பக்கத்து பெஞ்சு விழும். பெஞ்சுல உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஓகுமுரா.

"எனக்கு எதுக்கு அது? நான் என்ன துப்பறியும் ஆளா?"

"உங்களுக்கு எதுதான் எதுக்கு?"

நியாயமான கேள்வி. வாங்கிவிட்டார்.

இப்போது சக்கரம் நகர்ந்திருக்கிறது. யாசுயோவைக் கூப்பிட்டு நேராகக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிற விஷயம்தான். ஆனால், 'அதுக்கு வேற என்னென்ன வாங்கி வெச்சிருக்கீங்க' என்று அவள் ஆரம்பித்தால் பேச்சு கோல்ஃப் பைவரை போகும். திருடன் வீட்டில் திருட்டுப் போனால் போலீஸுக்கு எப்படிப் போவது? குனிஹிகோ வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்துவைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்.

கண்ணில் விஷயங்கள் விழ ஆரம்பித்தன.

முதலில் குப்பைக் கூடையில் ஒரு துணுக்கு. பழுப்பு நிறம், பிறை மாதிரி வளைந்த வெட்டு. அந்தக் காலத்துக் காமிராவுக்குள் ஃபிலிமை நுழைக்கிறதற்கு முன்னால் அதன் நுனியை நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை. வெட்டு வெகு சுத்தமாக இருந்தது. தையல் கத்தரி.

அடுத்து, ஒரு மாலை யாசுயோ துணி காயப்போட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு வெளிச்சம் அழகா இருக்கு. பக்கவாட்டா விழுது" என்றாள். குனிஹிகோவுக்குக் கையிலிருந்த பத்திரிகை நழுவியது. கல்யாணமான நாளிலிருந்து வெயிலைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் துணி காயும், காயாது என்ற இரண்டுதான். வெளிச்சம் பக்கவாட்டாக விழுகிறது என்று ஒரு பெண் தானாகச் சொல்ல மாட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

மூன்றாவது, பூ வகுப்பு. வசந்தத்திலிருந்து சனிக்கிழமை தோறும் பூ அலங்கார வகுப்பு என்று போய்வருகிறாள். பூ வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஓகுமுராவிடம் போய்க் கொட்டினார். கிழவர் ஒரு லென்ஸை ஊதிக்கொண்டே கேட்டார். கல்லாவுக்குக் கீழே ஒரு ஃபிலிம் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"அது யாருக்கு?"

"ஒரு அம்மாவுக்கு எடுத்து வெச்சிருக்கேன். நல்லா எடுக்கிறாங்க. திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் எடுக்கிறாங்க."

"என் கதைக்கு வாங்க. என் வீட்ல என்ன நடக்குது?"

"மனைவி மேல சந்தேகம்னா ரெண்டு வழி. ஒண்ணு, காமிராவை வித்துடுங்க, நான் எடுத்துக்கறேன்."

"இன்னொண்ணு?"

"பின்னாடி போய்ப் பாருங்க. என்னைக்குப் போறீங்க?"

"நாளைக்கு."

"எத்தனை மணிக்கு?"

"அவ கிளம்பினதும்."

"என்ன சட்டை?"

"சட்டை எதுக்கு?"

"பளிச்சுன்னு இருந்தா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு சொன்னேன்" என்றார் ஓகுமுரா. குனிஹிகோவுக்கு மனம் நெகிழ்ந்தது. இந்த உலகத்தில் தன்மேல் அக்கறையுள்ள ஒரே ஆள்.

சனிக்கிழமை யாசுயோ கிளம்பிப் படியிறங்கியதும் அலமாரியைத் திறந்தார். தோலுறை இருந்தது, உள்ளே காமிரா இல்லை. அவசரமாக வேஷம் போட்டார். சாம்பல் சட்டை, முகத்தை மூடும் வெள்ளைத் துணி, கறுப்புக் கண்ணாடி, மழைத்தொப்பி. நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது.

அவள் பூங்காவுக்குத்தான் போனாள். குளக்கரையில் ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்கிற வண்டி ஒன்று நின்றது. குனிஹிகோ அதன் பின்னால் ஒளிந்தார். வாங்காமல் நின்றால் சந்தேகம் வரும் என்று ஒரு தட்டு வாங்கினார். முகத்துணியைத் தூக்கித் தூக்கி வாயில் போட்டுக்கொண்டே கண்காணித்தார்.

குளத்தோரம் யாசுயோவுக்காக ஒருவன் காத்திருந்தான். வெள்ளைத் தாடி, தலையில் சரிந்த தொப்பி. ஓவியர்களும் வேலையில்லாதவர்களும் போடுவது. அவள் பையைத் திறந்து காமிராவை எடுத்தாள். அவருடைய காமிரா. ஒருநாளும் வெயில் பார்க்காத அவருடைய மணப்பெண். தலையில் ஏதோ கறுப்பாகச் செருகியிருந்தது. என்ன அது என்று குனிஹிகோ எட்டிப் பார்க்கப்போனார். அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரன் யாசுயோவின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டு லேசாகத் தூக்கிவிட்டான். அதற்கப்புறம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த முழங்கையைத்தான் பார்த்தார்.

வெகுநேரம் அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாத்துகளைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள். வண்டிப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நடுவில் தோள் குலுங்கச் சிரித்தாள். தொப்பிக்காரனும் சிரித்தான். அவள் அப்படிச் சிரித்துக் குனிஹிகோ பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கடைசி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் சுட்ட மீனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பூ வகுப்பு எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"என்ன பூ?"

"அல்லி."

"கொண்டுவரலையா?"

"குளத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். பாவமா இருந்தது. நீங்க எங்கே போனீங்க?"

"கோல்ஃப். இந்த வாரம் சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க."

"எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"பந்து?"

"குளத்துல விழுந்துடுச்சு."

"பாவம்" என்றாள் யாசுயோ. மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "சட்டைக் கையில சாஸ் இருக்கே. கோல்ஃப் மைதானத்துல ஆக்டோபஸ் உருண்டை விக்கிறாங்களா?"

"அங்கே இப்ப எல்லாமே விக்கிறாங்க."

"நல்ல மைதானம். என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க."

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. காமிரா போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவரே பயந்துபோனார். அவள் அந்தக் குளக்கரையில் சிரித்த சிரிப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. தான் கடைசியாக அவளைச் சிரிக்கவைத்தது எப்போது என்று யோசித்தார். மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது. அதுவும் தெரிந்து விழுந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓகுமுராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வண்டி, தாடி, தொப்பி, முழங்கை.

ஓகுமுரா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். "இன்னொரு தடவை போனா வண்டிக்குப் பின்னாடி நிக்காதீங்க. நிழல் விழும்."

"நிழல் காட்டிக்கொடுத்துடுமா?"

"மூஞ்சி சரியா தெரியாது."

தெரியாமல் இருப்பதுதானே நல்லது என்று குனிஹிகோ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். கிழவருக்கு வயதாகிவிட்டது.

இலையுதிர்காலம் வந்தது. ஒருநாள் காலையில் யாசுயோவே ஆரம்பித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வட்டார மன்றத்துல எங்க வகுப்போட கண்காட்சி. வர்றீங்களா?"

"பூக் கண்காட்சியா?"

"வந்து பாருங்களேன். கோட்டு போட்டுக்கிட்டு வாங்க. எல்லாரும் வருவாங்க."

"எல்லாரும்னா?"

"ஸாரும் வருவார்."

ஸார். ஆக, தொப்பிக்காரனுக்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. குனிஹிகோ கோட்டைப் போட்டுக்கொண்டார். நாலு பேருக்கு முன்னால் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று தீர்மானம். கேட்கவேண்டிய வாக்கியத்தை ரயிலில் போகும்போது மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். 'என் மனைவியின் முழங்கையில் உங்களுக்கு என்ன வேலை?' என்பது கம்பீரமாக இருந்தது.

மன்றத்தின் வாசலில் நின்ற பெண் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து வணங்கினாள். உள்ளே போனார். இரண்டு முதியவர்கள் பேச்சை நிறுத்தி வணங்கினார்கள். முன்பின் தெரியாத ஒரு பையன் அம்மாவின் கையை இழுத்து, "அவர்தாம்மா" என்றான்.

கூடத்தில் பூ ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓர் இடத்தில் மட்டும் கூட்டம். அங்கே 'என் வீட்டுக்காரர்' என்று பெரிதாக எழுதி, அதன் பக்கத்தில் முதல் பரிசு என்று ரோஜா நிற நாடா தொங்கியது.

முதல் படத்தில் ஒரு ஆள் கோல்ஃப் பைக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். மாடு கன்று போடும்போது வைத்தியர் நிற்கிற நிலை. அடுத்ததில் ஸ்டூல்மேல் ஏறி, பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்ததில் அப்பாவின் படத்துக்குப் பின்னால் எதையோ செருகிவிட்டு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கடை ஜன்னல் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றார். எதிர்க் காபிக் கடையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ஆக்டோபஸ் உருண்டை வண்டி. அதன் பின்னாலிருந்து மழைத்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எட்டிப் பார்த்தன. முகத்துணி தூக்கியிருந்தது. வாய் நிறைய உருண்டை. நிழலில்கூட அந்த முகத்தில் இருந்த துக்கம் தெளிவாகத் தெரிந்தது.

குளத்தைப் பார்த்து நிப்பீங்க, படத்துல பக்கத்து பெஞ்சு விழும். குனிஹிகோவுக்கு அப்போதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி புரிந்தது. தன் காசில் தான் வாங்கி, தானே ஒளித்துவைத்த கண்.

ஓரத்தில் சின்னதாக ஒரு படம் இருந்தது. அதில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பித்தளைக் கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு அப்படி ஒரு முகம் இருப்பது அவருக்கே தெரியாது. ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். இத்தனை மாதமாக அவள் யாரைப் பார்க்கிறாள் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஆளைத்தான்.

தொப்பிக்காரர் பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றினார். "சேகாவா. வகுப்பு நடத்துறேன். உங்க ஒத்துழைப்புக்கு நன்றி. வேற யாரா இருந்தாலும் காமிராவைக் கண்டதும் விறைச்சுப் போயிடுவாங்க. நீங்க துளிகூட நடிக்கலை."

ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவருக்கு ஞாபகம் வந்தது. "முழங்கை..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா, முதல்ல ரொம்பத் தொங்கவிடுவாங்க. இப்ப சரியாயிடுச்சு."

சேகாவாவின் தோளுக்குப் பின்னால் ஓகுமுரா, கையில் தேநீர்க் கோப்பையோடு, சுவரில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். கோப்பையில் ஆவி பறந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கிப்போய் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது.

"எப்படித் தெரியும், எங்கெங்கே இருக்குன்னு?"

"வீட்டைப் பெருக்குறது யாரு?"

"பூ வகுப்புன்னு பொய் சொன்னே."

"கோல்ஃப்னு நீங்க சொன்ன வாரம்தான் நானும் ஆரம்பிச்சேன்."

"அதையெல்லாம் எப்படி மாட்டுறது, எதுக்குன்னு யார் சொல்லிக்கொடுத்தா?"

"ஓகுமுரா. நீங்க ஒவ்வொண்ணு வாங்கிட்டு வரும்போதும் அடுத்த நாளே கடைக்குப் போய் அது எதுக்குன்னு கேட்டுக்குவேன். உங்களுக்குத் தெரியுமான்னு அவரைக் கேட்டேன். 'உங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் கேட்டதே இல்லை'ன்னார்."

குனிஹிகோ நூடுல்ஸை வாயில் இழுத்தார். நீளமாக வந்தது. அது முடியும்வரை யோசிக்க நேரம் கிடைத்தது. உண்மையெல்லாம் வெளியே வந்துவிட்டது. கெட்டதிலும் ஒரு நல்லது.

"அப்ப இனிமே ஒளிக்கவேண்டியதில்லை" என்றார் மெதுவாக. "வெளிப்படையாவே வாங்கலாம்."

"யார் சொன்னா? புத்தாண்டுல சொன்னது சொன்னதுதான். வாங்கக் கூடாது."

"சரி."

"மீறி வாங்கினா, ஒளிச்சுத்தான் வைக்கணும்."

"அதான் உனக்குத் தெரிஞ்சுபோச்சே. ஏன் ஒளிக்கணும்?"

"அடுத்த வருஷம் கலர்ல எடுக்கணும்னு ஸார் சொல்லியிருக்கார்" என்றாள் யாசுயோ, அவர் கோப்பையில் கொஞ்சம் வெங்காயத்தாள் போட்டபடி. "நீங்க வெளிப்படையா கொண்டுவந்து மேஜை மேல வெச்சா அதுல எடுக்க என்ன இருக்கு?"

இரண்டு வாரம் அவர் ரோஷமாக இருந்தார். ஓகுமுரா கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வாரம் போனார். ஒரு லென்ஸ் மூடி கண்ணில் பட்டது. ரொம்பச் சின்ன மூடி. கோட்டுப் பையில் போட்டால் கைக்குக்கூடத் தெரியாது. முந்தின இடமெல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டதால், யாருக்கும் தோன்றாத ஒரு புது இடத்தை வழியிலேயே யோசித்துவைத்துக்கொண்டார்.

வீடு அமைதியாக இருந்தது. ஸ்லிப்பரைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் பூனை மாதிரி நுழைந்தார். மூலையில் அரிசி டிரம். மூடியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே வைத்தார். கையை உள்ளே விடப் போனவர் ஒரு கணம் நின்று, விரலால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். கோட்டின் காலரையும் சரிசெய்தார். பிறகு முழங்கைவரை அரிசிக்குள் விட்டார்.

கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது.

"அங்கே வேண்டாங்க, வெளிச்சம் பத்தலை. ஜன்னல் பக்கமா ஒளிச்சு வையுங்க."